ரயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஐந்து பேருக்கு ஒரு பெரிய வீடு: சென்னையில் எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: "மதுரையிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறோம். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. எனக்கு சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் பணி. மாமனார், மாமியார், எட்டாம் வகுப்புப் போகும் மகள் என மொத்தம் ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி. கார் வாங்கும் எண்ணம் இல்லை. மூன்று படுக்கையறை உள்ள காற்றோட்டமான வாடகை வீடு, ரயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் கிடைக்குமா? எங்கே தேடுவது, எதையெல்லாம் பார்ப்பது?"

கிடைக்கும். ஆனால் அதற்கு நீங்கள் பழைய கட்டடங்களைத் தேட வேண்டும். சென்னைக்கு மாறி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது புறநகரில் எழும்பி நிற்கும் புது அபார்ட்மென்டுகளை. நீச்சல் குளம், ஜிம், வாசலில் செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். பல இடங்களில் பக்கத்தில் ரயில் இருக்காது, வீட்டுக்குள் இடமும் நினைத்த அளவுக்கு இருக்காது. உங்களுக்குப் பொருத்தமானவை 1980களிலும் 90களிலும் இரண்டு மூன்று கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) மனையில் கட்டிய, பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டுமே உள்ள மூன்று மாடிக் கட்டடங்கள்தான்.

காரணம் சதுர அடிக் கணக்கில் இருக்கிறது. விளம்பரத்தில் "1,400 சதுர அடி" என்று போடுவது நீங்கள் வீட்டுக்குள் புழங்கும் இடத்தை மட்டும் இல்லை. சுவர்களின் கனம், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, கிளப் ஹவுஸ் என்று பொதுவில் உள்ள எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்கு வரும் பங்கையும் சேர்த்துச் சொல்வது அது. பொது வசதிகள் கூடக் கூட உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். பழைய கட்டடத்தில் பொது இடம் என்றால் ஒரு படிக்கட்டு, ஒரு மொட்டை மாடி, கீழே வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அதனால் 1,200 என்று சொல்லும் பழைய வீடு, 1,400 என்று சொல்லும் புது வீட்டைவிட உள்ளே பெரிதாக இருப்பது சாதாரணம். வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப் ஒன்று கையில் இருக்கட்டும். ஹால், மூன்று அறைகள், சமையலறை இவற்றை அளந்து கூட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்ன எண்ணை மறந்துவிட்டு இந்தக் கூட்டுத்தொகையை வைத்து வீடுகளை ஒப்பிடுங்கள். பெரியவர்கள் அறையில் கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு, இரவில் எழுந்து குளியலறைக்கு இடிக்காமல் நடக்க இடம் இருக்கிறதா என்பதுதான் அந்த அறைக்கான அளவுகோல்.

சரி, எந்தப் பக்கம்?

உங்கள் இருவர் வேலையிடத்துக்கும் இரண்டு வகை ரயில் போகிறது. அது உங்கள் அதிர்ஷ்டம். மெட்ரோவில் நீலத் தடம் விமான நிலையத்திலிருந்து ஆலந்தூர், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து விம்கோ நகர் வரை போகிறது. பச்சைத் தடம் பரங்கிமலையில் தொடங்கி ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் என்று சுற்றி அதே சென்ட்ரலில் முடிகிறது. இதைத் தவிர கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் இருக்கிறது. அதில் கிண்டியும் உண்டு, பார்க் நிலையமும் உண்டு. பார்க்கில் இறங்கினால் உங்கள் மருத்துவமனை பக்கத்திலேயே.

இந்த இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, வீடு தேடும்போது அது பெரிய வித்தியாசம். கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. மாம்பலம், கோடம்பாக்கம், குரோம்பேட்டை போன்ற ஊர்கள் நிலையத்தை ஒட்டியே வளர்ந்தவை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காய்கறிக் கடை, மருந்துக் கடை, டிபன் கடை எல்லாம் காலடியில். மெட்ரோ வந்தது 2015-ல்தான். முதலில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை. ஏற்கனவே கட்டி முடிந்த நகரத்துக்குள், அகலமான சாலைகளின் நடுவே தூண் நட்டோ அடியில் குடைந்தோ நிலையங்களைக் கட்டினார்கள். அதனால் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்தால் முதலில் எதிரே வருவது நூறடி ரோடு. ரயில் குளுகுளுவென்று வசதியாக இருக்கும், ஆனால் வீடுகள் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் முதலில் மேற்கு மாம்பலம், அசோக் நகர் இரண்டையும் சேர்த்துத்தான் தேடுவேன். மாம்பலத்திலிருந்து கணவருக்குக் கிண்டி இரண்டாவது நிலையம். உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க் ஐந்தாவது நிலையம். இரண்டு பேரும் நேர் வண்டியில் போய்விடலாம், மாறி ஏறும் வேலையே இல்லை. நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023-ல் ஒரு ஆகாய நடைபாதையும் திறந்துவிட்டார்கள். குறை என்னவென்றால், காலை எட்டரை மணிக்குக் கடற்கரை போகும் வண்டியில் மாம்பலத்தில் ஏறுவது லேசான காரியம் இல்லை. பெண்கள் பெட்டி தனியாக உண்டு, அதிலும் நெரிசல்தான். மேற்கு மாம்பலத்தில் தெருக்கள் குறுகல், வீடுகள் நெருக்கம். மூன்று படுக்கையறை வீடு அசோக் நகர் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். அசோக் நகர் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்த பகுதி. அவென்யூக்கள் அகலம், மரங்கள் உண்டு. அங்கே வீடு என்றால் உங்களுக்குப் பச்சைத் தடத்தில் நேராக சென்ட்ரல். அண்ணா நகர் வழியாகச் சுற்றினாலும் உட்கார்ந்து போகலாம், மாறி ஏற வேண்டாம். கணவருக்கு அடுத்த நிலையமே ஈக்காட்டுத்தாங்கல். தொழிற்பேட்டையின் அந்தப் பக்கம் அலுவலகம் இருந்தால் அங்கே இறங்குவது கிண்டியில் இறங்குவதைவிடப் பக்கம்.

இடம்தான் முக்கியம், வாடகையும் கொஞ்சம் குறைய வேண்டும் என்றால் நங்கநல்லூர். தெருக்கள் நேராக, சமதளமாக இருக்கும். பெரியவர்கள் மாலையில் கோயிலுக்கோ கடைக்கோ தனியாக நடந்து போய் வரக்கூடிய ஊர். நங்கநல்லூர்க்காரர்களுக்கு மின்சார ரயில் நிலையம் பழவந்தாங்கல். மெட்ரோவில் நங்கநல்லூர் ரோடு நிலையம் உண்டு, நீலத் தடத்தில் கணவரும் நீங்களும் ஒரே வண்டியில் கிளம்பி அவர் கிண்டியில் இறங்கிக்கொள்ளலாம். ஊர் பெரிது என்பதால் "நங்கநல்லூர், மெட்ரோ அருகில்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பக் கூடாது. எந்த மெயின் ரோடு, எத்தனையாவது தெரு என்று கேட்டு, எந்த நிலையம் உண்மையில் பக்கம் என்று பாருங்கள். விமானச் சத்தம் கேட்கும் தெருக்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. வீட்டுக்குள் பத்து நிமிடம் பேசாமல் நின்றால் தெரிந்துவிடும்.

அண்ணா நகர் உங்களுக்கு அருமை, கணவருக்கு அவ்வளவு இல்லை. அண்ணா நகர் கிழக்கிலிருந்து சென்ட்ரல் ஆறாவது நிலையம். ஆனால் அவர் ஈக்காட்டுத்தாங்கல் வரை போக வேண்டும், கிண்டிக்கே என்றால் ஆலந்தூரில் மாற வேண்டும். வாடகையும் இந்தப் பட்டியலில் அங்கேதான் அதிகம். ஷெனாய் நகர் பக்கம் பழைய பெரிய வீடுகள் கிடைத்தால் பார்க்கலாம்.

குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் அதே பணத்துக்கு இன்னும் பெரிய வீடு, சில சமயம் தனி வீட்டின் முழுத் தளமே கிடைக்கும். மின்சார ரயில் நேர்வழி, கட்டணமும் மிகக் குறைவு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பது. தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. இரண்டையும் தினமும் கடந்துதான் நிலையம் போக வேண்டும் என்றால் வரைபடத்தில் தெரியும் 600 மீட்டர் நடைமுறையில் இரட்டிப்பாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மடிப்பாக்கம், ஓ.எம்.ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கமெல்லாம் "மெட்ரோ வரப்போகிறது" என்று சொல்லி வாடகை கேட்பார்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ உண்மைதான்; மூன்று தடங்கள், 100 கிலோமீட்டருக்கு மேல், மத்திய அமைச்சரவையும் 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் சொந்த வீடு வாங்குகிறவருக்குத்தான் வரப்போகும் ரயில் லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு இன்று ஓடும் ரயில்தான் ரயில். வேலை நடக்கும் சாலையை ஒட்டிக் குடிபோனால் தூசியும் தடுப்புகளும் மாற்றுப்பாதையும் உங்களுக்கு, ரயில் வரும்போது ஏறும் வாடகையும் உங்களுக்கு. கோயம்பேடு பற்றியும் ஒரு வார்த்தை: மதுரைக்குப் போய்வர வசதி என்று யாராவது அங்கே வீடு காட்டினால், தென் மாவட்டப் பேருந்துகள் 2024 தொடக்கத்திலேயே கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். ஊருக்குப் போக எழும்பூரில் ரயில் ஏறுவதுதான் உங்களுக்குச் சுலபம்.

இப்போது, நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வாசலுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கடைசித் தூரம்தான் வீட்டின் உண்மையான வாடகையைத் தீர்மானிக்கிறது. மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு தடவைக்கு அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய்தான். கார்டோ கியூஆர் டிக்கெட்டோ பயன்படுத்தினால் 20 சதவீதம் தள்ளுபடி, 40 ஆகிவிடும். மாதம் 25 நாள், போக வர என்றால் ஒருவருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. வீடு நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்து, தினமும் ஆட்டோ பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 60 ரூபாய் என்றாலும் மாதம் 3,000. இரண்டு பேருக்கு 6,000. இருவரும் வேறு வேறு நேரத்தில் கிளம்பினால் ஆட்டோவைப் பகிர்ந்துகொள்ள முடியாது. ஆக, ரயிலுக்குக் கொடுப்பதைவிட ரயிலைப் போய்ப் பிடிப்பதற்கு அதிகம் செலவாகும். நிலையத்துக்குப் பக்கத்தில் 5,000 ரூபாய் கூட வாடகை கேட்கும் வீடு உங்களுக்கு உண்மையில் மலிவு.

ஷேர் ஆட்டோவும் சிற்றுந்தும் போகும் சாலையாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் அது பெரிய உதவி. அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த நிறுத்தம், எந்த எண் பேருந்து, எவ்வளவு நேரத்துக்கு ஒன்று என்று நிறுத்தத்தில் நிற்பவர்களிடமே கேளுங்கள்.

நடக்கும் தூரம் என்று நான் வைத்துக்கொள்வது பன்னிரண்டு நிமிடம், அதுவும் மே மாத வெயிலில். கூகுள் மேப் சொல்லும் நிமிடத்தை நம்பாமல் நடந்து பாருங்கள். காலை எட்டரைக்கு ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை. காலையில் தெரிவது: நடைபாதை இருக்கிறதா, அதில் பைக் நிற்கிறதா, பெரிய சாலையைக் கடக்க சுரங்கப்பாதையோ சிக்னலோ உண்டா. இரவில் தெரிவது: தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, டியூஷன் முடிந்து மகள் தனியாக நடந்து வர நீங்கள் சம்மதிப்பீர்களா. இந்த இரண்டாவது நடையில் வேண்டாம் என்று தோன்றினால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து வீட்டைப் பார்ப்பது. சென்னையில் முதல் கேள்வி தண்ணீர். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்காக இரவெல்லாம் காத்திருந்த ஊர் இது. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, தினமும் வருகிறதா, சம்ப் (தரைக்கடித் தொட்டி) எத்தனை லிட்டர், போர் தண்ணீர் எப்படி, கோடையில் லாரி வாங்குகிறார்களா, அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் அடக்கமா தனியா என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், கீழ் வீட்டிலும் மேல் வீட்டிலும் கேளுங்கள். அவர்களுக்கு மறைக்க எதுவும் இல்லை. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர், டைல்ஸில் பழுப்புக் கறை இருந்தால் இரும்புச் சத்து. ஐந்து பேருக்குத் துணி துவைக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது மழை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வேளச்சேரி இரண்டு தடவையும் மூழ்கியது. அங்கே பறக்கும் ரயில் இருக்கிறது, வீடும் பெரிதாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், தெருவைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். அசோக் நகர், மேற்கு மாம்பலத்திலும் தண்ணீர் தேங்கும் தெருக்கள் உண்டு. ஒரு தெருவில் முழங்கால் அளவு, அடுத்த தெருவில் ஒன்றுமே இல்லை என்று இருக்கும். பகுதியின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. தெருமுனை மளிகைக் கடையில் "2015-ல் எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

மாமியாரின் முழங்கால் காரணமாகத் தரைத்தளம் தேடத் தோன்றும். மழை, கொசு, வெளிச்சக் குறைவு மூன்றும் தரைத்தளத்தில்தான் அதிகம். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அதனால் லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் முதல் மாடி மட்டும் பாருங்கள், படிகள் அகலமாகவும் உயரம் குறைவாகவும் கைப்பிடியோடும் இருக்கின்றனவா என்று அவரையே ஒரு முறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது மாடி வேண்டாம். ஏறி இறங்கச் சிரமப்பட்டு அவர் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டால், கோயிலும் கடையும் பக்கத்தில் இருந்து என்ன பயன்? வெஸ்டர்ன் டாய்லெட் அவர் அறையோடு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

காற்றோட்டம் கேட்டீர்கள். சென்னையில் கோடை மதியத்துக்குப் பிறகு கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கிலோ தெற்கிலோ திறக்கும் ஜன்னலும், காற்று வெளியேற எதிர்ச் சுவரில் இன்னொரு திறப்பும் இருந்தால் அந்த வீடு மாலையில் இதமாக இருக்கும். மேற்குச் சுவர் முழுக்க வெயில் வாங்கும் அறையில் பெரியவர்களைப் படுக்க வைக்காதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் இரவு பத்து மணிக்கும் தணலாக இருக்கும். வீட்டை மாலை நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் இதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும்.

மின்சாரம்: உங்கள் வீட்டுக்கென்று தனி மீட்டர் கட்டாயம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் வைத்து, உள்ளே சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே விலை வைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மூன்று ஏ.சி. போட நினைக்கும் குடும்பத்துக்கு அது மாதா மாதம் தொந்தரவு. த்ரீ பேஸ் இணைப்பா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டடத்தில் இன்னொரு ஆபத்து சமீபமாக வந்திருக்கிறது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் பக்கமெல்லாம் முப்பது நாற்பது வருடக் கட்டடங்களை இடித்துவிட்டுப் பில்டரோடு சேர்ந்து புதிதாகக் கட்டுகிறார்கள். 2022-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம். நீங்கள் குடிபோய், மகளைப் பள்ளியில் சேர்த்து, ஒரு வருடத்தில் காலி செய்யச் சொன்னால் கஷ்டம். சங்கச் செயலாளரைப் பார்த்து, "ரீ-டெவலப்மென்ட் பேச்சு ஏதாவது நடக்கிறதா சார்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கட்டடத்துக்குப் பல வருடமாக வெள்ளையடிக்காமல், பழுது பார்க்காமல் விட்டிருந்தால் அதுவே ஒரு பதில்.

தேடும் விதம் பற்றி: நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்றவற்றில் தேடி ஒரு பகுதியின் வாடகை நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பழைய வீடுகள் பல அங்கே வருவதற்குள்ளேயே போய்விடும். டூ-லெட் போர்டு தொங்குவதைத் தெருத் தெருவாக நடந்து பார்க்க வேண்டும். தெருவில் இஸ்திரி போடுகிறவர், கட்டட வாட்ச்மேன், மளிகைக் கடைக்காரர் இவர்களுக்கு யார் எப்போது காலி செய்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். புரோக்கர் என்றால் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். கார் இல்லை என்பதையும் பேரத்தில் சொல்லுங்கள். பார்க்கிங் இடத்தை வீட்டுக்காரர் வேறு யாருக்காவது விட்டுக்கொள்ளலாம் என்றால் வாடகையில் குறைக்கச் சிலர் சம்மதிப்பார்கள்.

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பகுதிகளில் "வெஜிடேரியன் மட்டும்" என்று சொல்வார்கள், சிலர் சாதியையும் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இது தவறு, மனதைப் புண்படுத்துவது. ஆனாலும் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் மதுரையிலிருந்து வந்து வாசலில் நின்று அதைக் கேட்கும் நிலை உங்களுக்கு வராது. அப்படிக் கேட்காத வீட்டுக்காரர்கள் அதே தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வீடு பிடித்துவிட்டது என்றால் பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஒரு காலத்து வழக்கம், இன்னும் கேட்பவர்கள் உண்டு. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்றும் அதற்கு அர்த்தம். அதனால் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அதற்கு இணையதளமே இருக்கிறது. பதினொரு மாத பாண்டு பேப்பரில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் போதும் என்று வீட்டுக்காரர் சொன்னால், பதிவு இரண்டு பேருக்கும் பாதுகாப்பு என்று பக்குவமாகச் சொல்லுங்கள். தகராறு வந்தால் அங்கே போய் நிற்க அந்த எண்தான் கைகொடுக்கும்.

காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வேன்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் தானாக வந்துவிடும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் இவற்றை வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது போன்ற சின்ன வேலைகள் குடியிருப்பவருக்கு. அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் தொகைக்கு ஒரு உச்சவரம்பாவது எழுதுங்கள். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதையும் எழுதிவிடுங்கள். வருடத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும், எத்தனை மாத நோட்டீஸ், மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது, இவை மூன்றும் எண்ணாக இருக்க வேண்டும். "அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள்.

இந்தப் பகுதிகளில் வீட்டுக்காரர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதும், அப்பாவோ தம்பியோ இங்கே வாடகை வாங்குவதும் சகஜம். உரிமையாளர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவாக இருந்தாலும் அதில் வரி பிடித்துச் செலுத்தும் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழுகிறது. கொஞ்ச நஞ்சம் இல்லை, 30 சதவீதத்துக்கு மேல். நல்ல வீடுதான், ஆனால் முதலிலேயே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, அதன்படி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளர் சார்பில் கையெழுத்துப் போடும் பவர் யாரிடம் இருக்கிறது என்பதையும் காகிதத்தில் பாருங்கள்.

சாவி வாங்கும் நாளில் மின் மீட்டர் அளவு, சுவர்க் கசிவு, உடைந்த டைல்ஸ், ஃபேன், கீசர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் முன்பணத்தில் பிடிக்கும்போது பேச்சே வராது.

நேரம் பற்றி ஒன்று. பள்ளி ஜூனில் திறப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் நிறைய வீடுகள் காலியாகும், போட்டியும் அப்போதுதான் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறப் பலர் விரும்பமாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகை இறங்கும், முன்பணமும் இறங்கும். வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொண்டால், ஆனி கடைசியில் பால் காய்ச்சிவிட்டு ஆடியில் சாமான் ஏற்றுவது என்று சிலர் செய்வதைப் போல நீங்களும் செய்யலாம். உங்களுக்கு மகளின் பள்ளி இருப்பதால், முதலில் பள்ளியில் இடம் உறுதியாகட்டும், பிறகு அந்தப் பள்ளிக்கும் நிலையத்துக்கும் இடையில் வீடு தேடுங்கள். கணவரின் அலுவலகம் தொழிற்பேட்டையில் ஈக்காட்டுத்தாங்கல் பக்கமா, கிண்டி நிலையத்துப் பக்கமா என்று எழுதினால், அசோக் நகரா நங்கநல்லூரா என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.